வட நார்வே கடலில் கண்ணோடு ஒரு குட்டிச் சுழல்: படத்தை வைத்து எவ்வளவு சொல்லலாம்?

வட நார்வேயின் ஹாமர்ஃபெஸ்ட் பக்கம் மீன் ஆலையில் வேலை செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். பிப்ரவரியில் ஓர் இரவு அகச்சிவப்புச் செயற்கைக்கோள் படத்தில், நார்வேக்கும் ஸ்வால்பார்டுக்கும் நடுவே உள்ள பியோர்னோயாத் தீவுக்குத் தென்மேற்கே, நடுவில் கண் மாதிரி ஓர் ஓட்டையோடு சின்னச் சுழல் ஒன்றைப் பார்த்திருக்கிறார். மறுநாள் விடிவதற்குள் காற்று தூக்கி எறிந்து, பனி கொட்டி, சாலையை மூடிவிட்டார்கள். "வங்கக் கடலில் வருகிற புயல் மாதிரியே இருந்தது. ஆர்க்டிக்கில் புயல் வருமா? இதைப் படத்தில் நாமே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா?" என்பது கேள்வி. இரண்டு கேள்விகளாக எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: படத்தில் தெரிகிற சுழல்களில் எது நிஜமான ஆபத்து, எது வெறும் மேகக் கோலம், அதை எப்படிப் பிரிப்பது? வானிலை படித்து, செயற்கைக்கோள் படங்களைப் பார்ப்பதையே பல வருடங்களாக வேலையாகச் செய்கிறவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் படம் சொல்லாமல் விடுவதையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். ஆமாம், வரும். இதற்குத் துருவத் தாழ்வு என்று பெயர். போலார் லோ என்று சொன்னால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். குளிர்காலத்தில், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, நார்வே கடலிலும் பேரண்ட்ஸ் கடலிலும் வழக்கமாக வருவது. லாப்ரடார் கடல், அலாஸ்கா வளைகுடா, ஜப்பான் கடல் ஆகியவற்றிலும் உண்டு. குறுக்களவு பெரும்பாலும் 200 முதல் 600 கி.மீ.; 1000 கி.மீ.க்கு மேல் போனால் அது வேறு வகை. ஆயுள் பெரும்பாலும் ஒரு நாள்கூட இல்லை. துருவத் தாழ்வு என்ற பெயர் பெற வேண்டுமானால் கடல்மட்டக் காற்று நொடிக்கு 15 மீட்டராவது இருக்க வேண்டும், அதாவது மணிக்கு 54 கி.மீ. இந்திய வானிலைத் துறையின் அளவுகோலில் இது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின் காற்று. ஆனால் இது தொடக்க வரம்புதான். வலுத்தவற்றில் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும். நார்வேயை ஒட்டிய கடல்களில் ஆண்டுக்கு ஒரு டஜன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வரையறையைக் கொஞ்சம் தளர்த்தினால் இந்த எண் நிறைய ஏறிவிடும், அதனால் எண்ணைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

இனி படத்துக்கு வருவோம். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் நேராகச் சுழலின் கண்ணைத்தான் தேடுவார்கள். நான் கற்றுக்கொடுக்கும்போது முதலில் சொல்வது, கண்ணைக் கடைசியில் பாருங்கள், அதைச் சுற்றியுள்ள கடலை முதலில் பாருங்கள் என்றுதான். துருவத் தாழ்வு வெறும் கடலில் திடீரென்று முளைப்பதில்லை. அதற்கு ஒரு களம் வேண்டும். வடக்கே கடல் பனியின் மேல் கிடந்த காற்று மைனஸ் 20, மைனஸ் 25 டிகிரியில் தெற்கே இறங்கி, 4, 5 டிகிரி சூடுள்ள திறந்த கடலுக்கு மேல் வருகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் அந்தக் கடலை உறையாமல் வைத்திருக்கிறது, உங்கள் துறைமுகம் குளிர்காலத்திலும் திறந்திருப்பது அதனால்தான். அந்த வித்தியாசத்தில் கடலிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் சதுர மீட்டருக்குப் பல நூறு வாட். கடுமையான நாட்களில் 1000 வாட்டை எட்டும்.

இந்தக் களம் படத்தில் அழகாகத் தெரியும். பனி விளிம்பிலிருந்து கொஞ்ச தூரம் கடல் வெறுமையாக இருக்கும். அப்புறம் காற்று போகும் திசையிலேயே, உழுத சால் போல, மெல்லிய மேக வரிசைகள் ஒன்றுக்கொன்று இணையாகத் தொடங்கும். தெற்கே போகப் போக வரிசைகள் அகன்று, உடைந்து, நடுவில் வெறுமையான வளையங்களாக மாறும். இந்த வரிசைகள் தெரிகிறதென்றால் களம் தயார். தெரியவில்லையென்றால், சுழல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது துருவத் தாழ்வாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

அடுத்து, வரிசைகள் எங்கே ஒழுங்கு தப்புகின்றன என்று பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்து வரும் வரிசைகள் ஒரு கோட்டில் மோதுகிறதா? அந்தக் கோடு எங்காவது முழங்கை மாதிரி மடங்குகிறதா? மடங்கிய இடத்தில் மேகம் தடித்து வெளுக்கிறதா? பல துருவத் தாழ்வுகள் இப்படி ஒரு கோட்டின் மடிப்பிலிருந்துதான் கிளம்புகின்றன. முதல் படத்தில் சின்ன மடிப்பு. ஒன்றரை மணி நேரம் கழித்து வரும் படத்தில் அங்கே ஒரு வெள்ளைத் திட்டு. அதற்கடுத்ததில் திட்டு ஒரு பக்கமாக நீண்டு, தலையும் வாலும் உள்ள கமா வடிவம். இந்த மூன்று படத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தால் சுற்றுவது கண்ணுக்கே தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாதாரண மேகம்தான். எச்சரிக்கைக்கு உதவுவது இந்தக் கட்டம். கண் திறந்து முழுச் சுழலாகத் தெரியும்போது அது பெரும்பாலும் முதிர்ந்திருக்கும், கரையை நெருங்கியும் இருக்கும்.

உங்கள் படத்தில் நான் கவனித்த ஒரு விஷயம், வண்ணப் பட்டை. வெப்பமண்டலப் புயலுக்கென்று அமைத்த வண்ணத்தில் அதைத் திறந்திருக்கிறீர்கள். அதில் மைனஸ் 70, மைனஸ் 80 டிகிரி மேக உச்சிதான் அடர் நிறமாகத் தெரியும், மற்றதெல்லாம் சாம்பல். வங்கக் கடலில் அது சரி. அங்கே மேகம் 15 கி.மீ.க்கு மேலும் எழும்பும். ஆர்க்டிக் குளிரலையில் மேகம் எழும்ப இடமே 6, 7, 8 கி.மீ.தான். அங்கே மைனஸ் 45 டிகிரி உச்சி என்றால் அந்த மேகம் கூரையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதே வண்ணப் பட்டையில் அது மங்கலான சாம்பலாகத் தெரிந்து, 'இது பலவீனம்' என்று நினைக்க வைக்கும். வண்ணத்தைக் கழற்றிவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். உச்சியின் வெப்பநிலையைச் சுற்றியுள்ள மேகங்களோடு ஒப்பிடுங்கள். சுற்றிலும் மைனஸ் 25 டிகிரியில் மேகங்கள் கிடக்க, ஒரு திட்டு மட்டும் மைனஸ் 45 டிகிரிக்கு இறங்குகிறதென்றால் அங்கே ஏதோ நடக்கிறது. வெப்பமண்டலப் புயலின் வலிமையைப் படத்திலிருந்தே கணிக்க நாங்கள் பயன்படுத்தும் த்வோராக் முறையையும் இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. அந்த அட்டவணைகள் இந்தக் காற்றுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இனி ஏமாற்றும் சுழல்கள். அந்தக் கடலில் முதலிடம் யான் மாயென் தீவுக்கு. தீவு சிறியது, ஆனால் அதில் 2277 மீட்டர் உயர எரிமலை நிற்கிறது. வடக்கிலிருந்து வரும் காற்று மலையைச் சுற்றிப் பிரிந்து, தீவுக்குப் பின்னால் வலமும் இடமுமாக மாறி மாறிச் சின்னச் சுழல்களை உதிர்க்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அழகான ஓட்டைகூட இருக்கும். சங்கிலி போல வரிசையாக வருவதும், அடுத்தடுத்தவை எதிரெதிர்த் திசையில் சுற்றுவதும், மேக உச்சி தாழ்வாக, வெதுவெதுப்பாக இருப்பதும் அதை அடையாளம் காட்டிவிடும். அவை சில பத்து கி.மீ. அளவுதான். தென்மேற்கே கிரீன்லாந்து முனையிலும் நிலத்தின் அமைப்பால் நிறையச் சுழல்கள் பிறக்கும். அவற்றில் சில நிஜமான தாழ்வாக வளரவும் செய்யும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

இரண்டாவது ஏமாற்று, நான் மேலே சொன்ன மேக வளையங்களே. அவற்றில் ஒன்று கொஞ்சம் பெரிதாகவும் வட்டமாகவும் அமைந்துவிட்டால் கண் போலவே தெரியும். ஆனால் அடுத்த படத்தில் அது இருக்காது, பக்கத்து வளையத்தோடு கலந்திருக்கும். மூன்றாவது, பழைய பெரிய தாழ்வு ஒன்று செத்துக்கொண்டிருக்கும்போது அதன் மையம் சுருண்டு சுருண்டு சின்னப் புயலாகத் தெரிவது. இதைப் பிடிக்க முந்தைய நாள் படங்களைப் பார்த்தால் போதும், எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். நான்காவதுதான் கஷ்டமானது. உயரத்தில் 5 கி.மீ. வாக்கில் ஒரு குளிர்க் குழி, அதாவது சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த காற்றுத் திரள், நகரும்போது அதன் முன்னால் நல்ல வெள்ளையாகக் கமா மேகம் உருவாகும். கீழே கடல் மட்டத்தில் சுழற்சி எதுவும் இருக்காது. அகச்சிவப்புப் படத்தில் இதையும் வளரும் துருவத் தாழ்வையும் பிரிக்க எனக்கு ஒரு வழியும் தெரியாது, காற்றின் அளவு கைக்கு வரும்வரை. அதிலும் சில கமாக்கள் அப்புறம் கீழ்வரை இறங்கி நிஜமான தாழ்வாகிவிடும்.

சரி, அந்தக் கண்? உங்கள் ஒப்பீடு வெறும் தோற்ற மயக்கம் இல்லை. 1984 பிப்ரவரியில் அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்று நார்வே கடலில் ஒரு துருவத் தாழ்வுக்குள் பறந்து அளந்தது. நொடிக்கு 35 மீட்டர் அளவுக்குக் காற்றும், சுற்றுப்புறத்தைவிட வெதுவெதுப்பான மையமும் பதிவாயின. வெப்ப மையம் என்பது வெப்பமண்டலப் புயலின் அடையாளம். 1987 பிப்ரவரி இறுதியில், உங்கள் படத்தில் உள்ள அதே பியோர்னோயாப் பக்கம், தெளிவான கண்ணோடு வந்த ஒன்று இன்றைக்கும் பாடங்களில் காட்டப்படுகிறது. கடல் தரும் வெப்பத்தையே தின்று வளரும் 'ஆர்க்டிக் சூறாவளி' என்ற கருத்து 80களில் வலுப்பெற்றதும் இப்படிப்பட்டவற்றைப் பார்த்துத்தான். ஆனால் இங்கே உறுதியும் சந்தேகமும் கலக்கின்றன. வெப்ப மையம் இருக்கிறது என்பது அளந்த உண்மை. அது கடல் வெப்பத்தால் மட்டும் வந்ததா, அல்லது குளிர்க் காற்றும் வெப்பக் காற்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் எல்லையில், உயரத்துக்கு உயரம் காற்று மாறுவதால் வளர்ந்து, பின்னால் வெப்பமான காற்றை நடுவில் சிறைபிடித்துக்கொண்டதா என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. பெரும்பாலானவற்றில் இரண்டும் கலந்தே இருக்கின்றன, தொடக்கத்தில் எல்லையின் பங்கு பெரிது என்பது என் கருத்து. படத்தில் கண் இருப்பதை வைத்து எது காரணம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கண் இல்லாத வெறும் கமா கண்ணுள்ளதைவிடக் கடுமையான காற்றைத் தருவதும் உண்டு.

நீங்கள் பார்த்த படம் எந்தச் செயற்கைக்கோளிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். மீட்டியோசாட் நிலநடுக்கோட்டுக்கு மேலே, பூமியோடு சேர்ந்து சுற்றும் இடத்தில் நிற்கிறது. 10, 15 நிமிடத்துக்கு ஒரு படம் கிடைப்பதால் அசைபடமாகப் பார்க்க வசதி. ஆனால் 73 டிகிரி வடக்கை அது கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பார்க்கிறது. அதனால் உருவம் நசுங்கும். அதைவிட மோசம், உயரமான மேகம் தன் இடத்திலிருந்து தள்ளித் தெரியும். கணக்குப் போட்டால், 7 கி.மீ. உயர மேக உச்சி பியோர்னோயா அருகே வடக்கு நோக்கி 50 கி.மீ.க்கு மேல் தள்ளிப் பதிவாகும். 250 கி.மீ. அகலமுள்ள சுழலுக்கு அது சின்னப் பிழை இல்லை. கரையை நோக்கி வரும்போது, நீங்கள் நினைப்பதைவிட அது தெற்கே, அதாவது உங்களுக்கு அருகே இருக்கிறது.

அதனால் அங்கே துருவங்களைக் கடந்து சுற்றும் செயற்கைக்கோள்களைத்தான் நம்ப வேண்டும். மெட்டாப், சுவோமி என்பிபி போன்றவை 820 கி.மீ. உயரத்தில், ஒரு சுற்றுக்குச் சுமார் 100 நிமிடம் என்று ஓடுகின்றன. எல்லாப் பாதைகளும் துருவத்தருகே நெருங்குவதால் சென்னையைவிட, ஹாமர்ஃபெஸ்ட் இருக்கும் ஃபின்மார்க் மாவட்டத்துக்கு இவை ஒரு நாளில் பல மடங்கு அதிகப் படம் தருகின்றன. இடையில் சில மணி நேர இடைவெளி விழும், அந்த நேரத்தில் ஒரு துருவத் தாழ்வு பிறந்து முடிந்தேவிடலாம். டிசம்பர், ஜனவரியில் சூரியனே இல்லாததால் பகல் படம் என்பதே கிடையாது. சுவோமி என்பிபியில் நிலவொளியில் படம் எடுக்கும் ஓர் அலைவரிசை இருக்கிறது. முழுநிலவுக் காலத்தில் அதில் மேக வரிசைகள் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமாகத் தெரியும். துருவ ஒளியும் அதில் பதிவாகும், அதை மேகப் பட்டை என்று எண்ணிவிட வேண்டாம்.

இவ்வளவு பார்த்தாலும் மேகம்தான் தெரிகிறது, காற்று தெரியவில்லை. காற்றுக்கு மெட்டாப்பில் உள்ள ஸ்கேட்டரோமீட்டர் வேண்டும். அது ரேடார் அலையை அனுப்பி, கடல் மேற்பரப்பின் சிற்றலைகளிலிருந்து திரும்பி வருவதை அளந்து காற்றின் வேகத்தையும் திசையையும் தருகிறது. அம்புக்குறிகளாக வரைந்த அந்தப் படத்தை அகச்சிவப்புப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மேகச் சுழலுக்கு அடியில் அம்புகளும் மூடிய வட்டமாகச் சுற்றினால், சந்தேகத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது. இதற்கும் குறை உண்டு. பாதையின் இரு பக்கமும் 550 கி.மீ. அகலத்தை மட்டும் பார்க்கிறது, நடுவில் சுமார் 700 கி.மீ. குருடு. ஒரு முழுத் துருவத் தாழ்வே அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ளும். கரையோரத்திலும் பனி விளிம்பிலும் அளவு கிடைக்காது. சின்ன மையத்தின் உச்சக் காற்றை அது குறைத்தே காட்டும், ஏனென்றால் 12 முதல் 25 கி.மீ. கட்டத்துக்கு ஒரு சராசரிதான் தருகிறது.

படத்தோடு சேர்த்துப் பார்க்க ஓர் எளிய கணக்கும் சொல்கிறேன். கடல்நீரின் வெப்பநிலையிலிருந்து, காற்றழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்தில், அதாவது 5 கி.மீ. வாக்கில் உள்ள காற்றின் வெப்பநிலையைக் கழியுங்கள். வித்தியாசம் 43 டிகிரிக்கு மேல் என்றால் துருவத் தாழ்வுக்கு இடமிருக்கிறது. கடல் 5 டிகிரி என்றால் மேலே மைனஸ் 38 வேண்டும். முன்னறிவிப்பு வரைபடங்களில் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். இதை வாசல் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 45 டிகிரி இருந்தும் ஒன்றுமே பிறக்காத நாட்கள் ஒரு குளிர்காலத்தில் ஏராளம். ஆனால் 35 டிகிரிதான் இருக்கிறது, படத்தில் கண்ணோடு சுழல் தெரிகிறது என்றால், நான் முதலில் மேலே சொன்ன ஏமாற்றுகளைத்தான் சந்தேகிப்பேன்.

இதே வரிசை, அதாவது களம், நகர்வு, உச்சி வெப்பம், கடல்மட்டக் காற்று, வேறு கடல்களின் குட்டிச் சுழல்களுக்கும் பொருந்தும், எண்கள் மட்டும் மாறும். 2020 செப்டம்பரில் கிரீஸின் கெஃபலோனியா, சாகிந்தோஸ் தீவுகளைத் தாக்கிய இயானோஸ் என்ற புயல் மத்தியதரைக் கடலின் வகை. 2001 டிசம்பரில் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரி தூரத்திலேயே உருவாகி மலேசியாவின் ஜொகூரில் கரையேறிய வாமே புயல், அங்கே சுழல் பிறக்காது என்று எல்லோரும் நம்பிய இடத்தில் வந்தது. 1974 கிறிஸ்துமஸ் நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை அழித்த டிரேசி புயலில் பலத்த காற்று மையத்திலிருந்து 50 கி.மீ. தூரத்துக்குத்தான் பரவியிருந்தது. சிறியது என்றால் பலவீனம் என்ற எண்ணத்தை விட்டுவிட டிரேசி ஒன்றே போதும்.

உங்கள் படத்துக்கு என் தீர்ப்பு: வடக்கே பனி விளிம்பிலிருந்து மேக வரிசைகள் தெளிவாக வருகின்றன, சுழலின் மேக உச்சி சுற்றுப்புறத்தைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கிறது, மறுநாள் உங்கள் கரையில் காற்றும் பனியும் ஒரேயடியாக வந்திருக்கின்றன. இது துருவத் தாழ்வுதான் என்று நல்ல நம்பிக்கையோடு சொல்வேன். கடலில் அதன் உச்சக் காற்று எவ்வளவு என்று அந்த ஒரு படத்திலிருந்து நான் சொன்னால் அது ஊகம்.

முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், களத்தை ஒரு நாள், இரண்டு நாள் முன்பே கண்டுபிடிக்கலாம். எந்த இடத்தில், எந்த மணிக்கு என்பதை அப்படிச் சொல்ல முடியாது. நார்வே வானிலை நிறுவனம் 2.5 கி.மீ. கட்டத்தில் ஓட்டும் ஆர்க்டிக்குக்கான கணினி முன்னறிவிப்பு மாதிரிகூடச் சில நேரம் இடத்தை நூறு கி.மீ. தவறவிடும், அதனால்தான் அவர்களின் எச்சரிக்கையில் பரப்பு அகலமாக இருக்கிறது. அது தேவையில்லாத பயமுறுத்தல் இல்லை. உங்கள் ஆலைக்கு மீன் கொண்டுவரும் சின்னப் படகுக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். துருவத் தாழ்வு வருவதற்கு முன் வானம் தெளிந்து, காற்று தணிந்து, போகலாம் என்று தோன்றும் நேரம் ஒன்று வரும். அதற்கப்புறம் அரை மணிக்குள் காற்று புயல் வேகத்துக்கு ஏறும். அந்தக் குளிரில் தெறிக்கும் கடல்நீர் படகின் மேல்தட்டிலும் கம்பிகளிலும் பட்டதும் உறையும், மேல்பாரம் ஏறிச் சின்னப் படகு கவிழும். எச்சரிக்கை அமலில் இருக்கும்போது படத்தில் சுழல் எதுவும் காணோம் என்பதைக் காரணமாகச் சொல்லி யாரும் கிளம்ப வேண்டாம். எச்சரிக்கை இல்லாத இரவில் மேக வரிசைகளுக்கு நடுவே மடிப்பு ஒன்று தெரிந்தால், அடுத்த இரண்டு துருவப் பாதைப் படங்கள் வரும்வரை காத்திருந்து, மூன்றையும் புரட்டிப் பாருங்கள். நேரத்தைக் குறித்து இங்கே போடுங்கள், நானும் ஸ்கேட்டரோமீட்டர் அளவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.